எந்தக் கால் முன்னே?

பெண்ணை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் குளத்தங்கரையில் காத்திருக்கும் தாய்மார்கள் இப்போது எத்தனையோ பேர். கோடை விடுமுறைக்கு என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. "உங்க பொண்ணுக்கு நல்லா வருதும்மா, போட்டிக்குத் தயார் பண்ணலாம்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், வீட்டுக் கடிகாரமே மாறிப் போய்விடும். நாலரைக்கு அலாரம், ஐந்தரைக்குக் குளம், ஏழரைக்குப் பள்ளிக்கூடம். முதல் நாள் இரவே காய் நறுக்கி வைக்காவிட்டால் மறுநாள் சமையல் நடக்காது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் பெண்ணுக்கு 13 வயது. 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள். கிணற்றில் கயிறு கட்டி நீந்தக் கற்றதோடு சரி. ஆனாலும் நாலு வருஷமாகக் கரையில் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் புரிந்தது. நீந்துவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நீந்துவதற்கு முன்னால் குழந்தை எப்படி நின்று எப்படிப் பாய்கிறது என்பதை அதிகம் யோசிப்பதில்லை. பாயும் முறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் பட்ட பாட்டை எழுதினால், உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம்.

குளத்தின் விளிம்பில், ஒவ்வொரு தடத்துக்கும் ஒன்றாக, எண் போட்ட சின்ன மேடை இருக்கும் அல்லவா? அதைத்தான் ஸ்டார்டிங் பிளாக் என்கிறார்கள். சர்வதேச விதிப்படி அது நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரை உயரம் இருக்கலாம். மேல் பலகை முன்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். அந்தச் சரிவு 10 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நீண்ட விசில் ஊதியதும் குழந்தைகள் மேலே ஏறி நிற்பார்கள். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் குனிந்து, ஒரு காலாவது மேடையின் முன்பக்கம் இருக்கும்படி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ஒலி கேட்டதும் பாய்ச்சல்.

'இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?' என்று தோன்றலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த மிலோராத் சாவிச்சின் நேரம் 50.59. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. பத்தில் ஒரு விநாடிதான் இடைவெளி! நாம் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற நேரம். அதைப் பாய்ச்சலிலும் சம்பாதிக்கலாம், பாய்ச்சலிலேயே தொலைக்கவும் செய்யலாம்.

என் பெண் முதலில் கற்றுக்கொண்டது கிராப் ஸ்டார்ட். இரண்டு பாதங்களையும் மேடையின் முன்விளிம்பில் வைத்து, கால் விரல்களை விளிம்பில் மடக்கிப் பிடித்து, குனிந்து இரு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்பது. இது வருவதற்கு முன்பெல்லாம் கைகளை வட்டமாகச் சுழற்றித்தான் பாய்வார்கள். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் இந்தக் கிராப் முறை வந்தது. இரு கால்களும் சேர்ந்து உந்துவதால் உந்தல் பலமாக இருக்கும். ஆனால் நிற்கும் இடம் குறுகல். உடம்பின் பாரம் முழுவதும் விளிம்பில் இருப்பதால் கொஞ்சம் அசைந்தாலும் தடுமாற்றம்தான்.

அடுத்தது டிராக் ஸ்டார்ட். ஓட்டப் பந்தயக்காரர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. மேடையை விட்டுச் சீக்கிரம் கிளம்ப முடியும், நிலையும் உறுதி.

மூன்றாவது, இப்போது பெரிய போட்டிகளில் எல்லாம் பார்க்கிற கிக் ஸ்டார்ட். மேடையின் பின்பகுதியில் சாய்வாக ஒரு பலகை பொருத்தியிருக்கும். பின்னங்காலை அதில் ஊன்றி உதைத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஒலிம்பிக்கில் இந்தப் பலகை முதலில் வந்தது 2012 லண்டனில். என் கணவரிடம் இதைச் சொன்னேன். "கிக் ஸ்டார்ட் பண்ண இது என்ன புல்லட்டா?" என்று சிரித்தார். பிறகு அவரே செல்போனில் ஒலிம்பிக் பந்தயங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஏய், எல்லாருமே இப்படித்தான் நிக்கறாங்க!" என்றார்.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் பிரச்னை கிளம்பியது. புதிதாக வந்த பயிற்சியாளர் ஒரு பெண்மணி. என் பெண் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவ பிளாக்ல ஆடறா. ஒரு காலைப் பின்னால வச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். கரையில் இருந்த மற்றத் தாய்மார்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "போட்டி நெருங்கற நேரத்துல மாத்தாதீங்க" என்றார் ஒருவர். "என் பொண்ணு இடது காலைத்தான் முன்னால வைக்கறா, அதுதான் கரெக்ட்" என்றார் இன்னொருவர். என் பெண்ணுக்கோ பயம். "பழைய மாதிரியே குதிக்கறேம்மா. புதுசா பண்ணி எல்லார் முன்னாடியும் வயிறு அடிபட விழுந்தா?" என்று கண் கலங்கினாள்.

அவளை அடக்கிவிடவோ, அவள் அழுகிறாளே என்று விட்டுவிடவோ எனக்கு இஷ்டமில்லை. பயிற்சியாளரிடமே போய், "எது நல்லதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் மனசில் நிற்கிறது. "பிளாக்கை விட்டு யார் முதல்ல கிளம்பறாங்கன்னு பார்க்காதீங்க. 15 மீட்டருக்கு யார் முதல்ல வர்றாங்கன்னு பாருங்க."

எவ்வளவு சரியான பேச்சு! பஸ்ஸில் முண்டியடித்து முதலில் ஏறுகிறவருக்கே உட்கார இடம் கிடைக்கும் என்பது என்ன நிச்சயம்? மேடையை விட்டுச் சீக்கிரம் கிளம்பினாலும், உந்தல் போதாமல் பக்கத்திலேயே விழுந்தால் பயனில்லை. நன்றாக உந்தினாலும், உடம்பு தண்ணீரில் தட்டையாக அறைந்தால் அந்த வேகம் அங்கேயே செத்துப்போகும். கை விரல் நுழைந்த இடத்திலேயே தலை, இடுப்பு, கால் எல்லாம் நுழைய வேண்டும். பிறகு அம்புபோல நீருக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. அதற்காகவே தடக் கயிற்றில் 15 மீட்டரில் அடையாளம் இருக்கும். அளப்பதற்கு நமக்கும் அதுவே கை கொடுக்கிறது.

மறுநாள் முதல் கையில் ஸ்டாப் வாட்ச்சும் பால் கணக்கு நோட்டுமாக நான் அந்த 15 மீட்டர் அடையாளத்துக்கு நேராக நின்றேன். பயிற்சியாளர் விசில் ஊதுவார், நான் அழுத்துவேன். அவள் தலை அடையாளத்தைத் தாண்டும்போது மறுபடி அழுத்துவேன். பழைய முறை, வலது கால் முன்னே, இடது கால் முன்னே என்று நோட்டில் மூன்று கட்டம். ஒரு நாளைக்கு ஒரு முறையில் மூன்று தடவைக்கு மேல் இல்லை. நடுவில் நன்றாக ஓய்வு. களைத்துப் போன பிறகு எடுக்கும் கணக்கு சரியாக இருக்காது. மாதவிலக்கு நாட்களில் அவள் சோர்வாக இருந்தால் அந்தக் கணக்கைத் தனியாகக் குறித்து வைத்தேன். அதை வைத்து ஒரு முறையை 'மோசம்' என்று ஒதுக்கக் கூடாதல்லவா?

எந்தக் காலை முன்னால் வைப்பது என்பதற்கும் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்கிறார்கள். பாண்டி ஆடும்போது என் பெண் வலது காலால் நொண்டுவாள். ஆகவே வலது கால்தான் முன்னே என்று வீட்டில் எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. "ரெண்டையும் பண்ணிப் பார்க்காம சொல்ல முடியாது" என்றுவிட்டார்.

முதல் வாரம் பார்க்கவே சங்கடம். புது முறையில் மேடையை விட்டு வேகமாகத்தான் கிளம்பினாள். ஆனால் தண்ணீரில் 'பட்'டென்று விழுந்து வயிறும் தொடையும் சிவந்து போயின. நேரமும் பழைய முறையை விட அதிகம். "பாத்தியா, நான் சொன்னேனே?" என்று என்னையே கேட்டாள். "ஒரு வாரத்துல எந்த தோசைக்கல்லும் பழகாது கண்ணு" என்றேன். சிரித்துவிட்டாள். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்படி செல்போனில் படம் எடுத்துக் காட்டினோம். தலையை நிமிர்த்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பாய்வது தெரிந்தது. பார்வை கீழே, இரு காதும் புஜங்களுக்குள் மறைய வேண்டும் என்று திருத்தினார் பயிற்சியாளர். மூன்றாவது வாரம் கணக்கு மாறியது.

பழைய முறையில் அவள் சராசரி நேரம் 8.3 விநாடி. வலது கால் முன்னே வைத்தால் 8.2. இடது கால் முன்னே, வலது கால் பின்னே வைத்தால் 7.9! பாண்டியில் நொண்டுகிற அந்த வலது கால், பின்னால் இருந்து உதைப்பதில்தான் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது. கையால் அழுத்தும் வாட்ச்சில் பத்தில் ஒன்று, இரண்டு விநாடி முன்பின்னாகும் என்பதால் 8.3-ஐயும் 8.2-ஐயும் ஒன்றாகத்தான் வைத்துக்கொண்டோம். ஆனால் 7.9 பல நாள், பல தடவை வந்தது. நோட்டை அவளிடமே கொடுத்தேன். நானோ பயிற்சியாளரோ ஒன்றும் சொல்லவில்லை. அவளே பார்த்துவிட்டு, "இடது கால்தாம்மா" என்றாள். அதன் பிறகு அவளுக்குப் பயம் வரவில்லை.

இந்த முறையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எல்லாக் குளத்திலும் பின்பலகை இருக்காது. டிராக் ஸ்டார்ட் பழகிய குழந்தைக்குப் பலகை இல்லாத மேடையிலும் அதே நிலைதான். பலகை இருந்தால் பின்னங்காலை அதில் ஊன்றிக்கொள்ளலாம். பலகை 30 டிகிரி சாய்ந்திருக்கும். முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னங்கால் முழங்கால் ஏறக்குறைய 'எல்' எழுத்துப்போல மடிகிற இடம் வசதி என்றார் பயிற்சியாளர். தனக்குச் சரியான இடம் எது என்பதை என் பெண் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பந்தயத்துக்கு முன்னால் பலகை அந்த இடத்தில் பூட்டியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். வேகத்தையெல்லாம் விட இதுவே எனக்குப் பெரிது. பயிற்சி நடந்துகொண்டிருந்த நாளில், கூடுதலாகப் பாய்ந்து பழக வேறொரு குளத்துக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கம், கட்டணமும் குறைவு. போய்ப் பார்த்தால் மேடைக்கு முன்னால் தண்ணீர் என் இடுப்புக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். "ஆழம் எவ்வளவு?" என்று கேட்டேன். "எல்லாப் பசங்களும் இங்கதாம்மா குதிக்கறாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று பதில் வந்தது. பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "மானமே போச்சும்மா" என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. போகட்டும் என்று இருந்தேன்.

ஏன் என்றால், ஸ்டார்டிங் பிளாக் இருக்கும் குளத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தூரம் முதல் 6 மீட்டர் தூரம் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலரை அடி. அதுவும் சரியாகப் பாயத் தெரிந்தவர்களுக்கு. கற்றுக்கொள்ளும் குழந்தை செங்குத்தாக இறங்கிவிடும். அதற்கு இன்னும் ஆழம் இருப்பதே நல்லது. ஆழமில்லாத தண்ணீரில் தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறியலாம். தண்டுவடம் சேதமானால் கையும் காலும் ஆயுளுக்கும் செயலிழந்து போகலாம். ஒரு பதக்கத்துக்காக எந்தத் தாய் அந்த விலையைக் கொடுப்பாள்?

கற்றுக்கொடுப்பதிலும் படிப்படியான முறை உண்டு. முதலில் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தபடி, பிறகு முட்டி போட்டு, பிறகு நின்று, அதெல்லாம் நன்றாக வந்த பிறகே மேடை. கைகள் எப்போதும் தலைக்கு முன்னால் நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டியிருக்க வேண்டும். தப்பித் தவறி யாராவது தலை மோதிக்கொண்டால், அவசரத்தில் இழுத்துக் கரையேற்றாதீர்கள். தண்ணீரிலேயே முகம் மேலே இருக்கும்படி மிதக்க வைத்து, தலையும் கழுத்தும் அசையாமல் நேராகத் தாங்கிக்கொண்டு, உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, 108-க்குப் போன் செய்ய வேண்டும். குளத்தில் உயிர்காப்பாளர் இல்லையென்றால் அந்தக் குளமே வேண்டாம்.

வீட்டில் செய்கிற பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: தோப்புக்கரணம்! கால் பலம் இல்லாமல் பாய்ச்சல் ஏது? வாரத்தில் மூன்று நாள், முதுகு வளையாமல் பத்துப் பத்தாக. பிறகு நின்ற இடத்திலிருந்து சில தாவல்கள். முழங்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவோம். "பிள்ளையாருக்குப் போடறதுன்னா அலுத்துக்குவா, பந்தயத்துக்குன்னா நூறு போடறாளே" என்று என் மாமியார் பொய்க் கோபம் காட்டுவார்.

ஆடாமல் நிற்பதும் பயிற்சிதான். ஒலிக்கு முன்னால் கிளம்பிவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது, போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். 2004 மார்ச்சில் ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில், உலக சாதனை வீரர் இயான் தார்ப்பே நிலை தடுமாறித் தண்ணீரில் விழுந்து, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலிருந்து நீக்கப்பட்டார். தகுதி பெற்றிருந்த க்ரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக் கொடுத்ததால்தான் தார்ப் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயத்தில் நீந்தித் தங்கம் வாங்கினார். அப்பேர்ப்பட்டவருக்கே அப்படியென்றால் நம் குழந்தைகளைக் கேட்பானேன்? இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான், "டேக் யுவர் மார்க்ஸ்" என்ற குரல் கேட்டதும் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு சிலைபோல நிற்க என் பெண் பழகினாள்.

மாவட்டப் போட்டி வந்தது. 50 மீட்டரில் ஐந்தாவதாக வந்தாள். பதக்கம் இல்லை, ஆனால் தன்னுடைய பழைய நேரத்தை விட 0.4 விநாடி குறைவு. ஒரு வேடிக்கை கேளுங்கள். முதலாவதாக வந்த பெண் நின்றது பழைய கிராப் ஸ்டார்ட்டில், இரண்டு காலையும் சேர்த்து வைத்து! வழி நெடுக என் பெண் அதையே பேசிக்கொண்டு வந்தாள். "அப்ப நானும் மாத்திக்கணுமாம்மா?" என்றாள். "அந்தப் பொண்ணோட நோட்டு அந்தப் பொண்ணுக்கு. உன் நோட்டுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "7.9" என்றாள்.

உங்கள் குழந்தைக்கும் இப்படி ஒரு கேள்வி வந்தால் பக்கத்துத் தடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் குளத்தின் ஆழத்தைக் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். பிறகு போட்டிக்குப் போதுமான நாள் இருக்கும்போதே எல்லா முறையையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரமாவது பொறுத்து, 15 மீட்டர் வரை அளந்து, கணக்கைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். ஒரு வருஷத்தில் உயரமும் எடையும் மாறுகிற வயது இது. ஆகவே அடுத்த வருஷம் மறுபடி அளந்து பார்ப்பதாகத்தான் நாங்களும் இருக்கிறோம். அதுவரை எங்கள் வீட்டில் இடது கால் முன்னே.